நீள விசில் ஊதாத வெள்ளிக்கிழமை

எமல்டா டீச்சருக்குத் தட்டிய கைத்தட்டல் நிற்காமல் போன வெள்ளிக்கிழமையன்று நடுத்தருவை உப்பளங்களில் உப்பு நன்றாக விளைந்திருந்தது, காற்று தெற்கிலிருந்து வீசியது, சத்துணவில் புளிசாதமும் முட்டையும் போட்டிருந்தார்கள், ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேர் கணக்குப் பரீட்சையில் தோற்றிருந்தார்கள். ஆக எல்லா வெள்ளிக்கிழமையும் போலத்தான் அதுவும் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள், அன்றைக்கு என்ன விசேஷம், யாருக்காவது அருள் வந்ததா, இடி ஏதும் விழுந்ததா என்று. ஒன்றும் விழவில்லை. விசில் ஊத மறந்துவிட்டோம், அவ்வளவுதான்.

எங்கள் பள்ளிக்கூடம் சின்னது. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை, வகுப்புக்கு ஓர் அறை, முற்றத்தில் ஒரு பூவரச மரம், மரத்தடியில் ஒரு சிமெண்டு மேடை, பின்பக்கம் சத்துணவுக் கூடம், அதற்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய மட்டும் உப்பளம். திங்கட்கிழமை தலைமையாசிரியர் மைக் இல்லாமல் பேசுவார், முன்வரிசைக்கு மட்டும் கேட்கும். செவ்வாய்க்கிழமை குடிதண்ணீர் லாரி வரும், அன்றைக்குப் பாடத்தைவிடக் குடம் முக்கியம். புதன்கிழமை விளையாட்டு. வியாழக்கிழமை இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள், பாதி பிள்ளைகளின் வயிற்றுக்கும் பாதி பூவரச மரத்தின் வேருக்கும் போய்ச் சேரும், உப்புக் காற்றிலும் அந்த மரம் அப்படித் தழைத்து நிற்பதற்கு வேறு காரணம் எங்களுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பாராட்டு.

பாராட்டை ஆரம்பித்தவர் தலைமையாசிரியர் சிவனணைந்தபெருமாள். பெயர்தான் நீளமே தவிர ஆள் சின்னவர், பயந்த சுபாவம், கல்வி அலுவலகத்திலிருந்து போன் வந்தால் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றுதான் பேசுவார். "நமக்கு விருது கொடுக்க எவரும் பஸ் ஏறி இந்த உப்புக்காட்டுக்கு வரப்போறதில்ல, நமக்கு நாமளே கொடுத்துக்கிட வேண்டியதுதான்" என்று ஒரு நாள் சொல்லிவிட்டு, பள்ளியில் வேலை பார்க்கிறவர்களை வாரத்துக்கு ஒருவராக மேடையேற்றி, அந்த வாரம் அவர் செய்த நல்ல காரியம் ஒன்றைப் பிள்ளைகள் வாயால் சொல்ல வைத்து, தோளில் ஒரு துண்டைப் போட்டு, பள்ளிக்கூடம் மொத்தத்தையும் கைதட்ட வைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். நல்ல காரியம் பெரிதாக இருக்க வேண்டும் என்றில்லை. தமிழ் ஐயா ஒரு வாரம் முழுக்க யார் தலையிலும் குட்டவில்லை என்பதற்காக மேடையேறினார். அன்றைக்குத் தட்டிய கைத்தட்டலை நினைத்து அதற்குப் பிறகும் அவர் குட்டவில்லை.

கைத்தட்டலுக்கு அதிகாரி எமல்டா டீச்சர். உடற்கல்வி ஆசிரியை, கடற்கரைக்காரர், கழுத்தில் செயினோடு செயினாக எப்போதும் ஒரு விசில் தொங்கும். அவர் குட்டை விசில் ஊதினால் ஆரம்பிக்க வேண்டும், நீள விசில் ஊதினால் நிறுத்த வேண்டும், இடையில் ரெண்டு, ரெண்டு, மூணு என்று கணக்கு மாறாமல் தட்ட வேண்டும், நீள விசிலுக்குப் பிறகு ஒரு கை தனியாகத் தட்டிவிட்டால் அந்தக் கைக்குச் சொந்தக்காரர் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். "விசில் ஊதுனா ஆரம்பிக்கணும், விசில் ஊதுனா நிக்கணும், நடுவுல ஒங்க இஷ்டத்துக்கு நிறுத்துனா அதுக்குப் பேரு கைத்தட்டல் இல்ல மக்கா, கொசு அடிக்கிறது" என்பார். அந்தப் பிள்ளைகளின் கைகள் அதை மனப்பாடம் செய்து வைத்திருந்தன. பின்னால் நடந்ததற்கு வேறு விளக்கம் வேண்டுமென்றால் அறிவியல் டீச்சரிடம் கேளுங்கள், அவர் காற்றழுத்தம் பற்றி ஏதோ சொல்வார்.

விசில் ஊதுகிறவருக்கு யார் விசில் ஊதுவது என்று தெரியாததால் எமல்டா டீச்சரின் முறை வரவே இல்லை. அப்படி முறை வராமல் போன இன்னொருவர் சத்துணவு சமைக்கிற பேச்சித்தாய் அக்கா. கடைசிப் பீரியடில் அவர் அண்டா கழுவிக்கொண்டிருப்பார், வேலையாக இருக்கிறவரைக் கூப்பிடுவது மரியாதையில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம், அவர் என்ன நினைத்தார் என்று யாரும் கேட்கவில்லை.

எமல்டா டீச்சர் எங்களுக்கு யார் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். உப்பளத்துக் குடியிருப்பிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வருகிற பாதை உப்புப் பாத்திகளுக்கு நடுவே போகிற வரப்புதான். பஸ் கிடையாது, நிழல் கிடையாது, உப்பு ஏற்ற வந்து காத்துக்கிடக்கிற லாரிக்காரர்களும் வேலைவெட்டி இல்லாத வாலிபர்களும் உண்டு. வயதுக்கு வந்த பிள்ளையை அந்தப் பாதையில் தனியாக அனுப்ப எந்தத் தாய்க்கும் மனம் வராது, வீட்டில் நிறுத்திய பிள்ளை அடுத்த மாதமே அம்மாவோடு உப்பு வாரப் போகும். அதனால் எமல்டா டீச்சர் தினமும் காலையில் குடியிருப்புக்குப் போய்த் தெருமுனையில் நின்று விசில் ஊதி, பெண்பிள்ளைகளை வரிசையாக முன்னே விட்டு, தான் கடைசியில் நடந்து வருவார், சாயந்திரம் அதேபோலக் கொண்டுபோய் விடுவார். அது அவர் வேலை இல்லை, யாரும் அவரைச் செய்யச் சொல்லவும் இல்லை. வரிசையின் வாலில் அந்த விசில் இருந்ததால்தான் எங்கள் பெண்கள் பத்தாம் வகுப்பு வரை வந்தார்கள்.

அந்த எமல்டா டீச்சரைத்தான் உபரி என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் குறைந்த பள்ளியிலிருந்து ஆசிரியரைப் பிடுங்கி வேறு பள்ளிக்கு அனுப்புவதற்குப் பணி நிரவல் என்று பெயர், பிடுங்கப்படுகிறவருக்கு உபரி என்று பெயர். பாத்தி நிறைந்த பிறகு மடையைத் திறந்து வெளியே விடுகிற தண்ணீரைத்தான் எங்களுக்கு உபரி என்று சொல்லிப் பழக்கம். ஒரு மனுஷியை, அதுவும் எங்கள் பிள்ளைகளுக்குப் பின்னால் வெயிலில் நடந்த மனுஷியை, அந்தச் சொல்லால் சொன்னதைக் கேட்டபோது எங்களுக்கு வயிறு எரிந்தது. எமல்டா டீச்சருக்குக் கோபமே வரவில்லை. "உத்தரவு வந்தாச்சுல்லா, போகத்தான் வேணும். விசில் ஊதுன பெறகும் ஓடுனா அது ஆட்டமா?" என்றார். பெருமாள் சார் வருகிற வெள்ளிக்கிழமை அவருக்குப் பாராட்டு என்றும், பாராட்டு முடிந்ததும் அவரைப் பணியிலிருந்து விடுவித்துக் கையெழுத்துப் போடுவதாகவும், அதற்கடுத்த வெள்ளி பேச்சித்தாய் அக்காவுக்கு என்றும் அறிவித்தார். பேச்சித்தாய் அக்கா அன்றைக்கே மஞ்சள் புடவை ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. பத்தாம் வகுப்பு ஜெனோவா மேடையேறி, "எங்க டீச்சர் இந்த வாரமும் எங்க பின்னாடி நடந்து வந்தாவ" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். எமல்டா டீச்சர் பழக்கதோஷத்தில் தனக்குத்தானே குட்டை விசில் ஊதினார். பள்ளிக்கூடம் தட்ட ஆரம்பித்தது, ரெண்டு, ரெண்டு, மூணு. தலைமையாசிரியர் துண்டைப் போட்டார், கணக்கு சார் பொன்னாடை போட்டார், தாய்மார்கள் ஆளுக்கொரு துண்டு கொண்டுவந்திருந்தார்கள், விசில் அத்தனை துணிக்கும் அடியில் போய்விட்டது, டீச்சரின் ஒரு கையில் மாலை, இன்னொரு கையில் எலுமிச்சம்பழம், கண்ணைத் துடைக்கக்கூட அவருக்குக் கை இல்லை. நீள விசிலை யாரும் ஊதவில்லை. ஊத வேண்டியவர் மேடையில் அழுதுகொண்டிருந்தார். கடைசி மணி அடித்தது, பிள்ளைகள் தட்டிக்கொண்டே பையை மாட்டினார்கள், தட்டிக்கொண்டே வாசலைத் தாண்டினார்கள், வாசலுக்கு அப்பால் கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள், கைத்தட்டல் மட்டும் பூவரச மரத்தடியிலேயே நின்று தட்டிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலையிலும் அது தட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் வழக்கமாக வரிசை கட்டி நிற்கிற இடத்தில், அவர்கள் நின்ற உயரத்தில், ஆறாம் வகுப்பு நிற்கிற பக்கம் தாழ்வாகவும் பத்தாம் வகுப்பு நிற்கிற பக்கம் உயரமாகவும், ஆளில்லாத கைகள் ரெண்டு, ரெண்டு, மூணு என்று தட்டின. உள்ளே நடந்து போனால் இரண்டு பக்கமும் கன்னத்தில் காற்று படும். பெருமாள் சார் அதற்குள் நின்றுகொண்டே இறைவணக்கத்தை நடத்தினார், அவர் பேச்சு முன்வரிசைக்கும் கேட்கவில்லை, யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

எமல்டா டீச்சருக்குத்தான் கூச்சமாகப் போய்விட்டது. நிறுத்துவதற்காக விசிலை எடுத்து உதட்டில் வைத்தார். பெருமாள் சார் அலுவலக அறையிலிருந்து செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தார்.

"டீச்சர், பாராட்டு சம்பந்தப்பட்ட விசிலை வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட்ல மட்டுந்தான் ஊதலாம். அது நம்ம பள்ளிக்கூடத்து விதி."

"அப்படி ஒரு விதி இருக்கா சார்?"

"இப்ப இருக்கு."

விதி என்றால் எமல்டா டீச்சர் மீற மாட்டார். விசிலைக் கீழே விட்டார். பெருமாள் சார் அறைக்குத் திரும்பி, தண்ணீர் குடித்து, தான் செய்த காரியத்தை நினைத்துக் கொஞ்ச நேரம் நடுங்கினார். பிறகு கல்வி அலுவலகத்திலிருந்து போன் வந்தது, எமல்டாவை ஏன் இன்னும் விடுவிக்கவில்லை என்று. எழுந்து நின்றார். "சார், விழா முடிஞ்சதும் விடுவிக்கிறதா சொல்லியிருந்தேன் சார். விழா நடந்துக்கிட்டிருக்கு சார்" என்றார். என்ன உளறுகிறீர்கள் என்று கேட்டதற்கு ரிசீவரை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தார். மறுபடி காதில் வைத்தபோது, எங்களில் பலர் பார்த்துக்கொண்டிருக்கவே, பேச்சின் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாரமும் எல்லா வாரத்தையும் போலத்தான் நடந்தது, கூடவே கைத்தட்டலும் நடந்தது. செவ்வாய்க்கிழமை தண்ணீர் லாரிக்காரர் குழாயைத் திறந்தபோது அவருக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்து இரண்டு குடம் கூடுதலாக விட்டுவிட்டுப் போனார். புதன்கிழமை கோகோ ஆட்டத்தில் தோற்ற அணிக்கும் அதே அளவுதான் கைதட்டல் கிடைத்தது, தோற்றவர்கள் ஆட்டத்தை மறுபடி ஆரம்பித்து ஜெயித்தார்கள். கைகள் இடைவிடாமல் அசைந்துகொண்டிருந்ததால் அந்த இடத்தில் ஈ உட்காரவில்லை, கொசு இருந்த அடையாளமே இல்லை, ஆகவே பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து மதியச் சோறு சாப்பிட்டார்கள், பள்ளி விட்ட பிறகு கருவாட்டுக்காரப் பெண்கள் பாயைக் கொண்டுவந்து விரித்தார்கள், கைக்குழந்தைக்காரிகள் தொட்டிலைப் பூவரசக் கிளையில் கட்டினார்கள். தூங்காத குழந்தைகூட அந்தச் சத்தத்தில் தூங்கியது.

அளத்து வேலைக்குப் போகிற பெண்கள் பாதையை மாற்றிக்கொண்டார்கள். குறுக்கு வரப்பை விட்டுவிட்டுப் பள்ளி முற்றம் வழியாகச் சுற்றிப் போனார்கள், போகிற போக்கில் கைத்தட்டலுக்கு நடுவில் கொஞ்சம் நின்றார்கள், தலையில் சும்மாடு, காலில் உப்புக்குக் கட்டிய துணி, முகத்தில் ஒன்றும் இல்லை, சும்மா நின்றார்கள். டீச்சருக்குத் தட்டுவதை நீங்கள் ஏன் கேட்டுக்கொண்டு நிற்கிறீர்கள் என்று கணக்கு சார் ஒருத்தியிடம் கேட்டுவிட்டார். "யாருக்குத் தட்டுனா என்ன சார், காது எங்களுக்கும் இருக்குல்லா" என்றாள் அவள். அவள் பிறந்ததிலிருந்து அவளுக்காக ஒருவரும் கைதட்டியதில்லை, கணக்கு சாருக்கு அது தெரியும், அவர் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

ஒருத்திக்கு மட்டும் அந்தக் கைத்தட்டல் பிடிக்கவில்லை. மஞ்சள் புடவையை இஸ்திரிப் பெட்டி போட்டு மடித்து வைத்திருந்த பேச்சித்தாய் அக்கா அடுத்த வெள்ளிக்கிழமை காலையிலேயே அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நின்றார். பெருமாள் சார் அன்றைக்கு உள்ளூர் விடுமுறை விட்டுவிட்டார், வெள்ளிக்கிழமை என்று ஒன்று வந்தால் எமல்டா டீச்சர் விதிப்படி விசில் ஊதிவிடுவாரே என்ற பயத்தில். அதற்கடுத்த வெள்ளி தலைமையாசிரியருக்குக் காய்ச்சல், தலைமையாசிரியர் இல்லாமல் பாராட்டு நடக்காது. காய்ச்சல்காரர் சாயந்திரம் டீக்கடையில் பஜ்ஜி தின்றதைப் பலரும் பார்த்தார்கள், யாரும் பார்க்கவில்லை.

"டீச்சருக்குத் தட்டி முடிச்சாத்தான் எனக்கா? அப்ப நான் செத்த பெறகுதான் எனக்குத் தட்டுவிய போல" என்று பேச்சித்தாய் அக்கா கரண்டியை அண்டாவில் ஓங்கித் தட்டினார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. நாங்கள் சாப்பாட்டைக் குனிந்து சாப்பிட்டோம், சாம்பாரில் அன்றைக்கு உப்பு கூடுதலாக இருந்ததை யாரும் குறையாகச் சொல்லவில்லை.

கல்வி அலுவலகம் சும்மா இருக்கவில்லை. முதலில் ஒலிபெருக்கி எங்கோ ஒளித்து வைத்திருக்கிறோம் என்று நினைத்து மின்சாரத்தைத் துண்டித்தார்கள், மின்விசிறிகள் நின்றன, கைத்தட்டல் நிற்கவில்லை. பிறகு பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து ஒரு உடற்கல்வி ஆசிரியரை அழைத்துவந்து நீள விசில் ஊதச் சொன்னார்கள், அவர் முகம் சிவக்கச் சிவக்க ஊதினார், கைகள் கணக்கு மாறாமல் தட்டின, அவை எமல்டா டீச்சர் சொல்லிக்கொடுத்த கைகள், அடுத்தவர் விசிலுக்கு அவை ஏன் நிற்க வேண்டும். கடைசியில் நான்காவது வெள்ளிக்கிழமை, பெருமாள் சாருக்கு வேறு நோய் எதுவும் அகப்படுவதற்குள், அதிகாரியே ஜீப்பில் வந்து இறங்கினார்.

கெட்ட மனிதர் இல்லை அவர். தலை நரைத்தவர், ஜீப்பில் குலுங்கி வந்ததில் களைத்திருந்தார், முற்றத்தைக் கடக்கும்போது கன்னத்தில் பட்ட காற்றுக்கு ஒரு நிமிடம் கண்ணை மூடியதை நாங்கள் பார்த்தோம். ஆனால் கண்ணைத் திறந்த பிறகு அவர் அதிகாரிதான். கடைசிப் பீரியடுக்கு மணி அடித்ததும் பள்ளிக்கூடம் மரத்தடியில் கூடியது, பிள்ளைகள் அவரவர் கைத்தட்டலுக்குள் போய் நின்றார்கள், செய்தி கேட்டு அளத்திலிருந்து பெண்கள் வந்து சுவரோரம் நின்றார்கள், பேச்சித்தாய் அக்கா மஞ்சள் புடவையில் வராந்தாத் தூணோரம் நின்றார். அதிகாரி மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எமல்டா டீச்சரைக் கூப்பிட்டார்.

"மேடம், நீங்க உத்தரவுக்குக் கட்டுப்பட்டவங்கன்னு சொல்றாங்க. எனக்கும் மேல ஆள் இருக்கு, என்னையும் கேக்கறாங்க. ஊதி முடிச்சிட்டுக் கிளம்புங்க."

"சரி சார்" என்றார் எமல்டா டீச்சர்.

டீச்சர் மேடையேறினார், விசிலைக் கையில் எடுத்தார். பெருமாள் சார் வேறு விதி ஏதாவது தோன்றுமா என்று மரத்தைப் பார்த்தார், தோன்றவில்லை. அப்போது பத்தாம் வகுப்பு வரிசையிலிருந்து ஜெனோவா கையைத் தூக்கினாள், வகுப்பில் சந்தேகம் கேட்கத் தூக்குவதைப் போலத்தான்.

"டீச்சர், நீங்க ஊதுனா நாங்க நிப்போம். நீங்க சொல்லிக்குடுத்ததுதான். நின்னுட்டு, திங்கக்கிழமை காலைல எங்கன போய் நிக்கணும்னும் சொல்லிட்டுப் போயிருங்க டீச்சர். அளத்துலயா?"

கைத்தட்டல் தட்டிக்கொண்டிருந்தது. எமல்டா டீச்சர் பெண்பிள்ளைகளின் வரிசையைப் பார்த்தார். அவர் எப்போதும் அவர்களைப் பின்னாலிருந்துதான் பார்த்திருக்கிறார், இரட்டைச் சடைகளாகவும் பைகளாகவும், அன்றைக்குத்தான் எல்லா முகங்களும் அவரைப் பார்த்து நின்றன. விசில் பிடித்த கை கொஞ்சம் இறங்கியது.

அதிகாரி அதைக் கவனித்துவிட்டார். பேச்சித்தாய் அக்காவின் புலம்பலை யாரோ அவர் காதில் முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும். தூணோரம் நின்றவரைக் கையால் காட்டினார். "இந்தம்மா எத்தனை வாரமா காத்திருக்காங்க? இவங்களுக்காகவாவது உங்களுடையதை நிறுத்துங்க மேடம். ஒருத்தருக்கே தட்டிக்கிட்டிருந்தா மத்தவங்களுக்கு எப்பக் கிடைக்கும்?"

எல்லாரும் பேச்சித்தாய் அக்காவைத் திரும்பிப் பார்த்தோம். கோபக்காரி, நியாயமான கோபக்காரி, அவர் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எமல்டா டீச்சர் அந்த நொடியே ஊதியிருப்பார். பேச்சித்தாய் அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்.

"எனக்குத் தட்டணும்னா அவியளுக்குத் தட்டுறத நிறுத்தணும்னு யாரு சொன்னா? இங்க எத்தன பிள்ளைக்குச் சோறு போடுதேன். ஒரு பிள்ளை தட்டுல போட்டத எடுத்தா அடுத்த பிள்ளைக்குப் போடுதேன்? எனக்கு வேணும்தான், வேண்டாம்னு சொல்லல. டீச்சர்கிட்ட இருந்து பிடுங்கிக் குடுக்கிறது எனக்கு வேண்டாம்."

அதிகாரி தண்ணீர் கேட்டார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவரும் பேச்சித்தாய் அக்காதான்.

எமல்டா டீச்சர் மேடையில் நேராக நின்றார். ஆட்டத்துக்கு நடுவில் முடிவு சொல்லும்போது அவர் குரல் எப்படி இருக்குமோ அந்தக் குரலில் பேசினார், சத்தம் போடவில்லை, ஆனால் சுவரோரம் நின்ற பெண்கள் வரைக்கும் கேட்டது.

"சார், விசில் ஊதுனா நிக்கணும்னுதான் இத்தன வருசமா சொல்லிக்குடுத்தேன். அதுல இப்பவும் மாத்தமில்ல. ஆனா நீள விசிலு ஆட்டம் முடிஞ்சாத்தான் ஊதணும். முடிஞ்சுதா இல்லையான்னு சொல்ல வேண்டியவ நடுவர். வெளிய நின்னு பாக்கிறவங்க சொல்ல முடியாது, எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும். இங்க நடுவர் நான் சார். ஆட்டம் முடியல."

பிறகு கையை நீட்டினார். "பேச்சித்தாயக்கா, மேல வாங்க."

பேச்சித்தாய் அக்கா மேடையேறினார். அவருக்குப் போடத் துண்டு ஏதும் கொண்டுவரவில்லை என்பது அப்போதுதான் பெருமாள் சாருக்கு உறைத்தது, எமல்டா டீச்சர் வெயிலுக்காகத் தன் கழுத்தில் போட்டிருந்த துண்டை எடுத்து அவர் தோளில் போட்டார். அந்த வாரம் அக்கா என்ன நல்ல காரியம் செய்தார் என்று சொல்ல யாரையும் தயார்செய்திருக்கவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரு வாண்டு, "சாம்பார்ல உப்பு சரியா இருந்துச்சு" என்று கத்தியது. அக்கா சிரித்துவிட்டார், அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எமல்டா டீச்சர் விசிலை உதட்டில் வைத்து, அதிகாரியைப் பார்த்துக்கொண்டே, குட்டையாக ஒன்று ஊதினார்.

பிள்ளைகள் தட்டினார்கள், ஆசிரியர்கள் தட்டினார்கள், அளத்துப் பெண்கள் உப்பில் வெடித்த கைகளால் தட்டினார்கள், பெருமாள் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, துடைத்த கையால் தட்டினார். பழைய கைத்தட்டலின் மேல் புதிய கைத்தட்டல் ஏறி, ஒன்றை ஒன்று தடுக்காமல், ரெண்டு, ரெண்டு, மூணு என்று ஒரே கணக்கில் சேர்ந்துகொண்டது. பூவரசம்பூக்கள் உதிர்ந்து அதிகாரியின் மடியில் விழுந்தன. அவர் அவற்றைத் தட்டிவிட்டு எழுந்து, சிவனணைந்தபெருமாளைப் பார்த்து, நான் போய் என்ன சொல்வது என்று கேட்டார். "விழா நடந்துக்கிட்டிருக்குன்னு சொல்லுங்க சார்" என்றார் எங்கள் தலைமையாசிரியர், இந்த முறை நடுங்காமல். ஜீப் கிளம்பியபோது ஓட்டுநரின் விரல்கள் ஸ்டியரிங்கில் ரெண்டு, ரெண்டு, மூணு என்று தட்டிக்கொண்டிருந்தன, அதிகாரி அவரை ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் பள்ளிக்கூடத்தில் நீள விசில் ஊதுவதே இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஒருவர் மேடையேறுகிறார், ஒரு குட்டை விசில், ஒரு கைத்தட்டல், அது ஏற்கனவே இருப்பவற்றோடு சேர்ந்துகொள்கிறது. வேலை பார்க்கிறவர்கள் அத்தனை பேருக்கும் தட்டி முடித்து, தண்ணீர் லாரிக்காரருக்குத் தட்டி, இப்போது அளத்துப் பெண்களை ஒவ்வொருவராக மேடையேற்றிக்கொண்டிருக்கிறோம். முற்றம் கொள்ளாமல் உபரியாகிற கைத்தட்டல் வாசலைத் தாண்டி வழிந்து உப்புப் பாத்திகளின் மேல் போகிறது, அங்கே குனிந்து வேலை செய்கிறவர்கள் அதைக் கேட்டு ஒரு தடவை நிமிர்ந்து நிற்கிறார்கள். படிப்பை விட்டு நின்றிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். காலையில் வரப்பில் வரிசை முன்னைவிட நீளமாகப் போகிறது, வாலில் எமல்டா டீச்சர் நடக்கிறார், விசில் அவர் கழுத்திலேயே தொங்குகிறது.

அதை நீளமாக ஊதச் சொல்லி இன்னும் உத்தரவுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. போனிலும் சொல்கிறார்கள், நேரிலும் வந்து சொல்கிறார்கள். வரட்டும், சொல்லட்டும். இந்தச் சத்தத்தில் எங்களுக்கு ஒன்றும் சரியாகக் காதில் விழுவதில்லை.